சமஷ்டியை நான் தொலைக்காட்சியில் கண்டேன்

ஜேர்மனிய மொழியை, எங்கள் ஆட்களின் வழக்கில் சொன்னால் டொச்சை, எனக்குக் கற்பித்தது அந்நாட்டுத் தொலைக்காட்சிதான். 1980களின் நடுப்பகுதியில் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பேர்லினுக்குள் நுழைந்து அகதி விண்ணப்பம் கொடுத்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பலருள் நானும் ஒருவன். பின்னர் நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்துக்கு அனுப்பப்பட்டு, ரூர் பிரதேசத்தில் ஹைம் எனப்படும் அகதி விடுதி ஒன்றில் தங்கவைக்கப்பட்டேன். வேலை செய்ய அனுமதி இல்லை. ஒதுக்கப்பட்ட மாவட்டத்தைத் தாண்டுவதற்குக் கடிதம் எடுக்க வேண்டும். விண்ணப்பம் முடிவாகாதவர்களுக்கு மொழி வகுப்பும் இல்லை. ஹைமின் பொது அறையில் ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. எங்களுடன் தங்கியிருந்த லெபனான்காரரும் ஈரானியரும் நாங்களும் அதன் முன்னால் அமர்ந்து, விளங்காத மொழியை விளங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம். இன்று யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் குடியிருந்துகொண்டு, எங்கள் வீட்டுத் திரைகளில் என்ன ஓடுகிறது என்று பார்க்கும்போது, அந்தப் பெட்டி மொழியோடு சேர்த்து வேறொன்றையும், சமஷ்டி என்னும் கூட்டாட்சி எப்படியிருக்கும் என்பதையும், கற்பித்தது என்பது எனக்குத் தெளிவாகிறது. அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

முதலில் விளங்கியது இரவு எட்டு மணிச் செய்தி. டாகஸ்ஷவ் என்ற அந்தச் செய்தி 1952 டிசம்பரில் தொடங்கியது. இன்றும் பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். வாசிப்பவர் குரலை உயர்த்துவதில்லை, தன் கருத்தைச் சொல்வதில்லை, ஒவ்வொரு வாக்கியத்தையும் முழுமையாக உச்சரித்து முடிப்பார். மொழி பயில்பவனுக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார். செய்தி எட்டேகாலுக்கு முடிவதால், மற்ற அலைவரிசைகளும், 1984இல் வந்த தனியார் நிலையங்கள் உட்பட, தங்கள் முக்கிய நிகழ்ச்சியை எட்டேகாலுக்கே தொடங்குகின்றன. ஒரு செய்தி அறிக்கையின் நீளம் ஒரு நாட்டின் மாலைப்பொழுதையே வகுத்து வைத்திருக்கிறது.

இரண்டாவது ஆசிரியர் ஒரு செம்மஞ்சள் நிற எலி. 1971 முதல் ஞாயிறு முற்பகலில் வரும் அந்தச் சிறுவர் நிகழ்ச்சியில், அன்றாடப் பொருள் ஒன்று எப்படிச் செய்யப்படுகிறது என்பதைத் தொழிற்சாலைக்குள் போய் ஒவ்வொரு கட்டமாகக் காட்டுவார்கள். ஆர்மின் மைவால்ட் என்பவர் மிக எளிய வாக்கியங்களில், பேக்கரியில் வேலை செய்பவரையும் குழாய் பொருத்துபவரையும் மிகுந்த மதிப்போடு பேசவைத்து, அதை விளக்குவார். நிகழ்ச்சியின் உள்ளடக்கம் தொடக்கத்தில் முதலில் டொச்சிலும், உடனே மற்றொரு மொழியிலும் சொல்லப்படும். இத்தாலியிலிருந்தும் துருக்கியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்த தொழிலாளரின் பிள்ளைகளை மனதில் வைத்து வந்த வழக்கம் அது. இருபது வயது தாண்டிய ஆண்கள் பலர் ஒன்றாக இருந்து குழந்தைகளின் நிகழ்ச்சியைப் பார்ப்பதில் எங்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை. வினைச்சொல் வாக்கியத்தின் இறுதிக்குப் போவதை நான் அங்கேதான் காதால் உணர்ந்தேன்.

ஆனால் இந்தப் பதிவின் மையம் ஞாயிறு இரவு எட்டேகாலுக்கு வரும் டாட்டோர்ட் என்னும் துப்பறியும் தொடர். 1970 நவம்பர் 29இல் முதற் படம் ஒளிபரப்பானது. துப்பாக்கியின் குறிவட்டத்துக்குள் வரும் இரண்டு கண்கள், ஓடும் கால்கள், கிளவுஸ் டோல்டிங்கரின் இசை ஆகியவற்றால் ஆன முகப்பு பெரிய மாற்றமின்றி இன்றும் தொடர்கிறது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்தில் முடியும் ஒரு தனிக்கதை. ஒரு முறை ஹம்பேர்க்கில் நடக்கும் கொலையை அந்த ஊர்ப் பொலிஸ் அதிகாரி விசாரிப்பார். அடுத்த முறை மியூனிக், அதற்கடுத்த முறை ஸ்டுட்கார்ட். அதிகாரியும் மாறுவார், ஊரும் மாறும், உணவுக்கடையும் துறைமுகமும் வானிலையும் பேச்சின் இழுவையும் மாறும். தலைப்பும் நேரமும் முகப்பும் மட்டுமே பொது.

நான் ரூர் பகுதியில் இருந்த காலத்தில் அந்தத் தொடரின் மிகப் புகழ்பெற்ற அதிகாரி எங்களுக்கு அண்மையிலுள்ள டுயிஸ்பேர்க் நகரத்தவர். கோட்ஸ் கெயோர்க் நடித்த ஷிமான்ஸ்கி என்ற பாத்திரம் 1981இல் அறிமுகமானது. அழுக்கேறிய சாம்பல் நிற ஜக்கெட், கெட்ட வார்த்தை, கைகலப்பு, தோல்வி என்று வந்த அந்த மனிதரைப் பார்த்துக் கண்ணியமான பார்வையாளர்கள் பலர் கோபப்பட்டனர். தங்கள் நகரை அழுக்கான நகரமாகக் காட்டுகிறார்கள் என்று டுயிஸ்பேர்க்கிலும் எதிர்ப்பு எழுந்தது. பின்னாளில் அதே நகரம் ரூரோர்ட் துறைமுகப் பகுதியில் ஒரு சந்துக்கு அந்தக் கற்பனைப் பாத்திரத்தின் பெயரையே வைத்தது. உருக்காலைப் புகையும், ரைன் ஆற்றில் நகரும் பாரப்படகுகளும், சந்தியிலுள்ள மதுச்சாலையும், வேலை இழந்த சுரங்கத் தொழிலாளியின் சமையலறையும் அந்தப் படங்களில் வந்தன. பகலில் நான் நடந்த தெருக்களைப் போன்ற தெருக்களை இரவில் முழு நாடும் பார்த்துக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு அந்த அனுபவம் முற்றிலும் புதியது. என் வாழ்வில் அதுவரை திரையில் வந்த ஊர் ஒவ்வொன்றும் வேறு யாருடையதோ ஒரு ஊராகவே இருந்தது.

இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதைப் பின்னர் விசாரித்து அறிந்துகொண்டேன். ஏஆர்டி (ARD) என்ற பெயரில் நாம் காணும் முதலாம் அலைவரிசைக்குத் தனியான ஒரு மத்திய நிலையம் கிடையாது. பிராந்திய ஒலி, ஒளிபரப்பு நிறுவனங்கள் 1950இல் சேர்ந்து அமைத்த கூட்டு அது. இன்று அதில் ஒன்பது பிராந்திய நிறுவனங்கள் உள்ளன. டாட்டோர்ட் படங்களை அந்த நிறுவனங்கள் தத்தம் பங்குக்குத் தயாரித்துக் கொடுக்கின்றன. ஆகவே தன் ஊரைக் காட்டும் உரிமையும் கடமையும் ஒவ்வொன்றுக்கும் உண்டு. பெரிய பிராந்தியங்கள் கூடுதலாகவும் சிறியவை குறைவாகவும் தயாரிக்கும். ஆயினும் எதுவும் விடுபடுவதில்லை.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது சார்லாந்து மாநிலம். பிரான்ஸ் எல்லையிலுள்ள அந்த மாநிலத்தின் சனத்தொகை ஏறத்தாழ பத்து இலட்சம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி எங்கள் வட மாகாணத்தின் சனத்தொகை பத்தரை இலட்சத்துக்குச் சற்றுக் கூட. அந்தச் சார்லாந்துக்குத் தனக்கென ஒரு வானொலி, தொலைக்காட்சி நிறுவனம் உண்டு. தலைநகர் சார்புரூக்கனில் நடக்கும் டாட்டோர்ட் கதைகள் உண்டு. அவற்றை பவேரியாக்காரரும் பேர்லின்காரரும் உட்கார்ந்து பார்க்கின்றனர். அவ்வளவு சிறிய மாநிலத்தின் வருமானம் இதற்குப் போதாது. அதனால் பெரிய நிறுவனங்கள் தம் வருமானத்தில் ஒரு பங்கைச் சார்லாந்துக்கும் மற்றொரு சிறு மாநிலமான பிறேமனுக்கும் ஆண்டுதோறும் கொடுக்கின்றன. சிறியவனின் குரல் கேட்கவேண்டும் என்பதற்காகப் பெரியவன் பணம் கொடுக்கும் இந்த ஒழுங்கைப் பற்றி எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை. சமஷ்டி என்ற சொல்லை நாங்கள், அதைக் கேட்டுத் தமிழரசுக் கட்சி தொடங்கிய 1949 தொட்டு, அரசியல் மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள். அது ஒரு வீட்டின் வரவேற்பறைக்குள் வந்தால் எப்படியிருக்கும் என்பதை நான் கண்டது அந்த ஞாயிறு இரவுகளில்தான்.

ஜேர்மனியர் பிறவியிலேயே பெருந்தன்மை உடையவர்கள் என்பதால் இது வந்துவிடவில்லை. அதற்கு நேர்மாறான ஒரு வரலாறு இதன் அடியில் கிடக்கிறது. 1933இல் ஆட்சியைப் பிடித்த நாசிகள் வானொலியைக் கொயபெல்சின் பிரசார அமைச்சின் கீழ் ஒரே குரலாக்கினர். அதே ஆண்டில் 76 மார்க்குக்கு மலிவான மக்கள் வானொலிப் பெட்டியை விற்று அந்தக் குரலை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றனர். போருக்குப் பின் மேற்கு நாட்டைப் பிரித்து ஆண்ட நேச நாடுகள், அப்படிப்பட்ட ஒரே குரல் இனி எழக்கூடாது என்று தத்தம் வலயத்தில் தனித்தனி நிலையங்களை அமைத்தன. பிரித்தானிய வலயத்தில் அந்தப் பணியைச் செய்தவர் பிபிசியைச் சேர்ந்த ஹியூ கிரீன். அரசாங்கத்திலிருந்து விலகி நிற்கும் பொது ஒலிபரப்பு என்ற எண்ணத்தை அவர் அங்கே ஊன்றினார். பின்னர் மேற்கு ஜேர்மனியின் அரசுத் தலைவரான சான்சலர் கொன்ராட் அடனாவர் மத்திய அரசின் பிடியில் ஒரு தொலைக்காட்சியைத் தொடங்க முயன்றபோது, மாநிலங்கள் நீதிமன்றம் சென்றன. ஒலிபரப்பு மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்டது, அரசு அதைத் தன் கையில் வைத்திருக்கக் கூடாது என்று 1961 பெப்ரவரி 28இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக மாநிலங்கள் அனைத்தும் சேர்ந்து மைன்ஸ் நகரில் இரண்டாவது அலைவரிசையை நிறுவின. 1963 ஏப்ரலில் அது ஒளிபரப்பைத் தொடங்கியது. ஒரு பேரழிவிலிருந்து பெற்ற பாடத்தைச் சட்டமாகவும் கட்டடமாகவும் கணக்குப் புத்தகமாகவும் மாற்றிவைத்தார்கள் என்பதே என் மதிப்பீடு.

இதற்கான பணம் வீடுகளிலிருந்து வருகிறது. 2013 முதல், தொலைக்காட்சி வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு கட்டணம். 2021 முதல் அது மாதம் 18.36 யூரோ. எங்கள் ஆட்களிடையே இந்தக் கட்டணத்தைத் திட்டாதவர்களைக் காண்பது அரிது. தாங்கள் பார்ப்பது தமிழ் அலைவரிசை, அதற்கு எதற்கு டொச்காரருக்குப் பணம் என்பது அவர்களின் வாதம். ஜேர்மனியரிலும் கணிசமானோர் இதை எதிர்க்கிறார்கள்; 2020இல் சக்சன் அன்ஹால்ட் மாநிலம் கட்டண உயர்வுக்கு ஒப்புதல் கொடுக்காமல் நின்றது, அடுத்த ஆண்டு நீதிமன்றம் தலையிட்டே உயர்வை நடைமுறைப்படுத்தியது. நான் கட்டணத்தின் பக்கம் நிற்பவன். வரிப்பணத்தில் நடந்தால் அமைச்சருக்கும், விளம்பரத்தில் மட்டும் நடந்தால் கம்பனிக்கும் பயப்பட வேண்டியிருக்கும். தன் மாதச் செலவிலிருந்து எல்லாரும் கொடுக்கும் பணம் ஒன்றே சார்புரூக்கனின் கதையை இத்தனை காலம் தாங்கியிருக்கிறது.

குறைகளையும் சொல்லவேண்டும். டாட்டோர்ட் படங்களில் பல சலிப்பூட்டுபவை. ஒரு சமூகப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு பாத்திரங்களின் வாயால் விரிவுரை நடத்துபவை. அதைவிடப் பெரிய குறை வெளிநாட்டவரைக் காட்டிய விதம். நீண்ட காலமாக எங்களைப் போன்ற முகங்கள் அந்தப் படங்களில் கொலையுண்டவராக, சந்தேக நபராக, அல்லது அழுதபடி மொழிபெயர்ப்பாளருக்குக் காத்திருக்கும் தாயாக மட்டுமே வந்தன. 2008இல் ஹம்பேர்க்கின் விசாரணை அதிகாரியாக மெஹ்மெட் குர்துலுஷ் நடித்த ஜெங்க் பத்து வந்தபோதுதான் துருக்கிய வேருடைய ஒருவர் அந்தத் தொடரின் நாயகனானார். துருக்கியத் தொழிலாளர் ஒப்பந்தம் 1961இல் கைச்சாத்தானது என்பதை நினைத்தால் அந்தத் தாமதத்தின் நீளம் புரியும். எட்டு மணிச் செய்தியை வாசிக்கும் இடத்துக்குக் குடிபெயர்ந்த பெற்றோரின் மகளான லின்டா செர்வாகிஸ் வந்தது 2013இல்.

நாங்களும் அந்தத் திரையிடமிருந்து விலகித்தான் வாழ்ந்தோம். வேலை அனுமதி கிடைத்து, குடும்பங்கள் வந்து சேர்ந்த பிறகு, தமிழ்க் கடையில் வாடகைக்கு எடுத்த வீடியோக் கசெட்டுகளும், பின்னர் பல்கனியில் பூட்டிய டிஷ் அன்ரெனாவும் எங்கள் மாலைகளை எடுத்துக்கொண்டன. பிள்ளைகள் ஓர் அறையில் டொச் சிறுவர் அலைவரிசையும், பெரியவர்கள் மற்ற அறையில் சென்னைத் தொடர்களும் பார்த்தனர். 2004இல் ஒரு தனியார் அலைவரிசை இந்திப் படமொன்றை டொச்சில் குரல்மாற்றி ஒளிபரப்பியதும், எனது வேலைத்தளத்துப் பெண்கள் ஷாருக் கானைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள். எங்களுக்கும் அந்தப் படங்களுக்குமான தூரத்தை விளக்க ஒரு தேநீர் இடைவேளை போதவில்லை.

ஊர்ப் பேச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் யாழ்ப்பாணத்தில் இந்தக் கதையை எடுத்தால் எல்லாரும் வந்து நிற்கும் இடம் அதுதான். ஜேர்மனியத் தொலைக்காட்சி தொடக்க காலத்திலேயே வட்டார நாடகங்களைத் தேசியத் திரைக்குக் கொண்டுவந்தது. கொலோன் நகரின் மிலோவிச் அரங்கிலிருந்து 1953இலும், ஹம்பேர்க்கின் ஓன்சோர்க் அரங்கிலிருந்து 1954இலும் ஒளிபரப்புத் தொடங்கியது. ஓன்சோர்க் அரங்கம் வழமையாக வடக்கின் தாழ்நிலப் பேச்சில் நடிப்பது. தொலைக்காட்சிக்கு வரும்போது அந்த இசையை வைத்துக்கொண்டு, சொற்களைப் பொதுமொழிக்கு அருகே கொண்டுவந்தார்கள். இசையில் இதற்கு எதிர் உதாரணம் உண்டு. கொலோனைச் சேர்ந்த வோல்ஃப்காங் நீடெக்கனும் அவருடைய ராக் குழுவும் எந்த விட்டுக்கொடுப்பும் இல்லாமல் தம் ஊர்ப் பேச்சிலேயே பாடி, 1980களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் முதலிடம் பெற்றார்கள். மியூனிக்கில் அதைப் பாடியவர்களில் எத்தனை பேருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியதோ, விளங்காத சொல் அவர்களைத் தடுக்கவில்லை. மூன்றாவது வழி சுவிஸ்காரருடையது. டாட்டோர்ட் கூட்டில் அவர்களும் பங்காளிகள். தம் படத்தைச் சுவிஸ் பேச்சிலேயே எடுத்து, சொந்த நாட்டில் அப்படியே காட்டி, ஜேர்மனிக்கு அனுப்பும்போது மட்டும் பொதுமொழியில் குரல்மாற்றம் செய்வார்கள். மூன்று வழிகளில் எது சிறந்தது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: படம் எடுக்கப்படும் நேரத்தில் நடிகர் தன் தாயிடம் பேசும் பேச்சிலேயே பேசவேண்டும். பிறருக்கு விளங்கவைப்பது அதற்குப் பிறகு செய்யக்கூடிய வேலை.

இதை யாழ்ப்பாணத்துக்கு அந்நியமான ஆசை என்று எவரும் சொல்லமுடியாது. சானா என அறியப்பட்ட சண்முகநாதனின் இலண்டன் கந்தையா போன்ற நாடகங்கள் இலங்கை வானொலியில் எங்கள் பேச்சிலேயே ஒலித்தபோது தீவு முழுவதும் இருந்த தமிழர் கேட்டு மகிழ்ந்தார்கள். கொழும்பின் நாளேடுகளை மட்டும் நம்பியிராமல் 1959இல் யாழ்ப்பாணத்திலிருந்தே ஈழநாடு வெளிவந்தது. 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்ட அந்த நாட்களிலேயே அதன் அலுவலகமும் எரிக்கப்பட்டது, ஆயினும் பத்திரிகை மீண்டும் வந்தது. செய்தியில் இன்றும் எங்களுக்கு உள்ளூர்க் குரல் உண்டு. கதையில்தான் இல்லை. மாலை ஏழு மணிக்குப் பின் எங்கள் ஒழுங்கையில் நடந்தால் வீட்டுக்கு வீடு சென்னைத் தொடர்களின் அழுகையும் பின்னணி இசையும் கேட்கும். அவற்றைப் பார்ப்பவர்களை நான் குறைசொல்லவில்லை. போரின் நீண்ட இருளுக்குப் பிறகு மின்சாரத்தோடு வந்த ஆறுதல் அது. ஆனால் அந்தத் திரையில் வளரும் பிள்ளை, தன் ஊரில் ஒரு கதை நிகழலாம் என்பதையே அறியாமல் வளருகிறது.

என் தங்கையின் மகன் குறும்படம் எடுப்பவன். கைத்தொலைபேசியில் தொடங்கி, இப்போது நண்பர்களுடன் சேர்ந்து ஒரு கமெரா வாங்கியிருக்கிறான். அவனுடைய முதற் படத்தில் குருநகர் மீனவர் ஒருவர் சென்னைத் திரைத்தமிழில் பேசுவதைப் பார்த்துவிட்டு அவனிடம் கேட்டேன்.

“மாமா, நாங்கள் கதைக்கிற மாதிரி எடுத்தால் வெளியில ஒருத்தருக்கும் விளங்காது. பாக்கவும் மாட்டினம்,” என்றான்.

“உன்ர படத்தை முதல் பாக்கிறது ஆர் தம்பி? இஞ்ச இருக்கிற சனமும், ரொறன்ரோவில பாரிசில இருக்கிற எங்கட சனமும்தானே?”

“அவையும் சென்னைத் தமிழுக்குப் பழகிட்டினம், மாமா. எங்கட பேச்சு வந்தால் சிரிப்புப் படமெண்டு நினைக்கினம்.”

அவன் சொன்னது உண்மை, அதனாலேயே அது என்னை மிகவும் வருத்தியது. யாழ்ப்பாணப் பேச்சு திரையில் வந்தால் பகிடிக்கு மட்டுமே என்ற நிலை எப்படியோ உருவாகியிருக்கிறது. துக்கத்தையும் குற்றத்தையும் காதலையும் அது தாங்காது என்று எங்கள் இளைஞர்களே நம்பத் தொடங்கியிருக்கிறார்கள். நான் அவனுக்குப் பழைய ஷிமான்ஸ்கி படமொன்றைப் போட்டுக் காட்டி, காட்சிக்குக் காட்சி நிறுத்தி, யார் என்ன சொல்கிறார் என்று தமிழில் சொன்னேன். கதையைவிட அவனை ஈர்த்தது இடம்தான். இந்த ஊர் வடிவில்லையே, இதை ஏன் இவ்வளவு நேரம் காட்டுகிறார்கள் என்று முதலில் கேட்டான். பாதிப் படத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியை அவன் கேட்கவில்லை. குருநகர் இறங்குதுறையிலும் காக்கைதீவுச் சந்தையிலும் கமெராவை எங்கே வைக்கலாம் என்று கடதாசியில் கீறத் தொடங்கினான்.

இரண்டாவது படத்துக்கான உரையாடலை அவன் இப்போது எங்கள் பேச்சில் எழுதியிருக்கிறான். காணாமற்போன ஒரு படகைத் தேடும் பொலிஸ்காரர் ஒருவரின் கதை. சுவிஸ்காரரைப் போல வெளியூருக்கெனத் தனியாகக் குரல்மாற்றம் செய்ய எங்களிடம் வசதி இல்லாததால், எழுத்துத் தமிழில் அடிவரி போடுவதென்று முடிவுசெய்திருக்கிறோம். இறங்குதுறையில் வலை பின்னும் பெரியவர் ஒருவர் நடிக்கவும் உரையாடலைத் திருத்தித் தரவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் வாசிப்பிலேயே பல சொற்களை வெட்டிவிட்டு, கடலில் உண்மையாகச் சொல்லும் சொற்களைச் சேர்த்தார். மீதியிருப்பது பணம். மாதம் 18.36 யூரோவை எல்லா வீட்டிலும் வாங்கி ஒரு சிறு மாநிலத்தின் கதைக்குக் கொடுக்கும் ஒழுங்கு எங்களிடம் இல்லை. அந்த ஹைமில் என்னோடு இருந்த நண்பர்கள், இப்போது டோர்ட்முண்டிலும் ஹாமிலும் பேரப்பிள்ளைகளோடு இருப்பவர்கள், செலவின் பாதியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பாதிக்கு இங்கே வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.